பீரோவுக்குள் கருமருந்து: எல்லையோர வீடுகளும் துப்பாக்கி மருந்தின் சட்டமும்

கருமருந்தை, அதாவது நாட்டுத் துப்பாக்கிக்குப் போடும் வெடிமருந்தை, இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்டக் கூடாது. முதலமடை, கொல்லங்கோடு, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகளிடம் இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. "ஏனுங்க, பீரோவுல வெச்சுப் பூட்டினா பத்திரந்தானுங்களே? கொழந்தைக கை படாது, திருடனும் எடுக்க முடியாது" என்கிறார்கள். கேள்வி நியாயமானது. குழந்தைக்கும் திருடனுக்கும் எட்டாமல் வைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஏற்பாடு தீ விபத்தை எண்ணிப் பார்த்துச் செய்ததல்ல. வீட்டில் ஒரு நாள் தீப்பிடித்தால், அரைக் கிலோ மருந்து வைத்த இரும்புப் பெட்டி என்ன செய்யும் என்பதை யோசித்தவர்கள் குறைவு.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. காட்டுப்பன்றித் தொல்லை கூடிவிட்டது. துப்பாக்கி உரிமம் பற்றிய பேச்சு மறுபடி டீக்கடை வரைக்கும் வந்திருக்கிறது. கூடவே, அமெரிக்காவில் வீட்டு மேசையில் உட்கார்ந்து காலித் தோட்டாவில் மருந்து நிரப்பும் யூடியூப் காணொளிகளை நம் பையன்கள் பார்க்கிறார்கள். ஒரு தராசு, ஒரு கைப்பிடி எந்திரம், ஒரு டப்பா மருந்து. பார்க்க எளிதாக இருக்கிறது. "தோட்டா விலைக்கு இது எவ்வளவோ மேல்" என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் இரண்டு பெரிய விஷயங்கள் விட்டுப்போகின்றன. ஒன்று நம் நாட்டுச் சட்டம். மற்றது மருந்தின் குணம்.

விவசாயியின் கையில் துப்பாக்கி வந்த வழி

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவில் விவசாயிக்கென்றே ஒரு வாசகம் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு உண்மையாகவே தேவைப்படும் குடிமகனுக்கு, குழல்வாய் வழியே மருந்து போட்டுச் சுடும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். அந்தத் துப்பாக்கி போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால் வேறு வழுவழுப்புக் குழல் (உள்ளே வரிப்பள்ளம் இல்லாத குழல்) துப்பாக்கிக்கும் தரலாம். ஊரில் பெரியவர்கள் பலரிடம் இன்றும் இருக்கும் ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி இந்த வழியில் வந்ததுதான். அதற்குத் தோட்டா கிடையாது. கருமருந்தை அளந்து குழலில் கொட்டி, துணியோ தேங்காய் நாரோ வைத்து இடித்து, ஈயக்குண்டு போட்டு, பின்னால் கேப்பு, அதாவது தட்டினால் பொறி விடும் சின்ன மூடி, மாட்டிச் சுட வேண்டும். அதனால்தான் இந்த வீடுகளில் மருந்து தனியாக, டப்பாவில் இருக்கிறது. பன்னிரண்டு போர் (12 bore) என்னும் தோட்டாத் துப்பாக்கி வைத்திருப்பவர் வீட்டில் அடைத்த தோட்டா இருக்கும். மருந்து தனியாக இருக்காது, இருக்கவும் கூடாது.

கேரள அரசு 2022 மே மாதம் ஒரு முடிவெடுத்தது. விளைநிலத்தில் புகும் காட்டுப்பன்றியைச் சுட்டுக்கொல்ல அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவர், நகராட்சித் தலைவர் கைக்கு வந்தது. சுடுகிறவர் உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் கதை வேறு. அங்கே 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி, காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவே கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம், அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. வீடு எல்லை ஊரான கோவிந்தாபுரத்துக்கு மேற்கே, தோப்பு கிழக்கே என்று இருப்பவர்கள் நம் பக்கம் நிறைய. ஒரே பன்றி, ஒரே இரவில் இரண்டு மாநிலத்திலும் மேய்கிறது. ஆனால் கேரளப் பஞ்சாயத்து கொடுத்த அனுமதிச் சீட்டு மாநில எல்லையைத் தாண்டினால் செல்லாது. துப்பாக்கி உரிமத்திலும் அது எந்தப் பகுதிக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும். அந்தப் பகுதிக்கு வெளியே துப்பாக்கியையோ தோட்டாவையோ மருந்தையோ கொண்டுபோனால், உரிமம் இல்லாமல் கொண்டுபோனதாகத்தான் ஆகும். பொள்ளாச்சிக் கடையில் வாங்கி முதலமடைக்குக் கொண்டுவரும் முன்பும் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸிலும் ரயிலிலும் பையில் மருந்து எடுத்துப் போவது தனிக் குற்றம். ரயில்வே சட்டத்தில் அதற்குத் தண்டனைப் பிரிவே இருக்கிறது.

அமெரிக்காவில் செல்லுவது இங்கே ஏன் செல்லாது

அந்தக் காணொளிகளில் காட்டுவது அங்கே சட்டப்படியான பொழுதுபோக்கு. தன் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ள அமெரிக்க மத்திய அரசிடம் உரிமம் வாங்கத் தேவையில்லை. தொழிற்சாலையில் தயாரான கருமருந்தை, பழங்காலத் துப்பாக்கிகளில் விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் பயன்படுத்துவதற்காக 50 பவுண்டு வரை, அதாவது ஏறக்குறைய 22.7 கிலோ வரை, மத்திய உரிமம் இல்லாமல் வைத்திருக்க அங்கே சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதோடு முடிவதில்லை. வீட்டில் எவ்வளவு, எப்படி என்பதைத் தீத்தடுப்பு விதிகள் தீர்மானிக்கின்றன. அங்குள்ள தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 495 என்ற விதித்தொகுப்பைப் பல ஊர்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அதன்படி வீட்டில் கருமருந்து 20 பவுண்டு, சுமார் 9 கிலோ, அதுவும் வந்த டப்பாவிலேயே, ஒரு அங்குலக் கனமுள்ள மரப்பெட்டிக்குள். புகையில்லா மருந்து, அதாவது இன்றைய தோட்டாக்களில் போடும் வகை, 20 பவுண்டு வரை வந்த டப்பாவில் வைக்கலாம். அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால் அதற்கும் அதே மரப்பெட்டி. கேப்பு 10,000-க்கு மேல் கூடாது. காணொளியில் எந்திரம் தெரிகிறது. மரப்பெட்டி பெரும்பாலும் தெரிவதில்லை.

நம் சட்டம் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. ஆயுதச் சட்டத்தின் 2-ஆவது பிரிவு, தோட்டா வகை (ammunition) என்று எதைச் சொல்கிறது என்பதை ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். அடைத்த தோட்டா மட்டும் அதில் வருவதில்லை. துப்பாக்கிக்குப் போடும் மருந்து, அதற்கான துணைப்பொருட்கள், தோட்டாவின் பாகங்கள், தோட்டா செய்யும் எந்திரம் எல்லாமே அதில் அடக்கம். ஆக, இணையத்தில் வரவழைத்த கைப்பிடி எந்திரமே, மருந்து ஒரு துளி இல்லாவிட்டாலும், சட்டத்தின் கண்ணில் தோட்டா வகைக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. 5-ஆவது பிரிவு, உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கியோ தோட்டாவோ தயாரிக்கக் கூடாது என்கிறது. இதை மீறினால் 25-ஆவது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதில் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு. மேல் எல்லை ஆயுள். நாட்டுத் துப்பாக்கியின் குழலில் மருந்து போட்டுச் சுடுவது அந்தத் துப்பாக்கியைப் பயன்படுத்தும் முறை; உரிமம் கொடுத்ததே அதற்காகத்தான். காலித் தோட்டாவை எடுத்து மறுபடி நிரப்புவது தோட்டா செய்யும் வேலை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் பல பேர் "எனக்குத்தான் லைசென்ஸ் இருக்கே" என்கிறார்கள். பேர் பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு 2016 ஆயுத விதிகளில் தனிச் சலுகைகள் உண்டு. பயிருக்காக உரிமம் வாங்கியவருக்கு அவை பொருந்தாது.

இதோடு 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. மருந்து தயாரிப்பது, விற்பது, குவித்து வைப்பது, வண்டியில் கொண்டுபோவது எல்லாம் இந்த விதிகளின் கீழ். நாக்பூரில் தலைமையகம் கொண்ட பெசோ என்னும் மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பும், தன் அளவுக்குள் மாவட்ட ஆட்சியரும் உரிமம் தருகிறார்கள். சாதாரண விவசாயிக்கு நடைமுறையில் இதில் முக்கியமானது ஒன்றுதான்: அவருடைய துப்பாக்கி உரிமத்தில் ஒரே நேரத்தில் எவ்வளவு வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எவ்வளவு வாங்கலாம் என்று எழுதியிருக்கும் கட்டம். உரிமம் பெற்ற கடையில் வாங்கும்போது கடைக்காரர் அந்தப் புத்தகத்தில் தேதி, அளவு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். அந்த வரிதான் உங்கள் மருந்து எங்கிருந்து வந்தது என்பதற்குச் சாட்சி. போலீஸார் சோதனைக்கு வந்தால், டப்பாவில் இருப்பதும் புத்தகத்தில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். திருவிழாவுக்கு வெடி போடுகிறவரிடம் கேட்டு வாங்கிய கால் கிலோவுக்கு அப்படி ஒரு வரி இருக்காது.

அந்தக் கால் கிலோவில் சட்டத்தைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. வெடி வேலைக்காரர்கள் கலக்கும் மருந்தும் துப்பாக்கி மருந்தும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். உள்ளே குளோரேட் கலந்திருந்தால் கதை மாறிவிடும். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை உரசலுக்கும் தட்டலுக்கும் பற்றும் குணம் கொண்டது. அதனால்தான் அந்தக் கலவையை மத்திய அரசு 1992-லேயே தடை செய்தது. குழலில் கம்பி விட்டு இடித்து அடைக்கிற துப்பாக்கியில் அப்படிப்பட்ட மருந்து போனால், இடிக்கிற கையிலேயே வெடிக்கும். இல்லாவிட்டால் சுடும்போது குழல் கிழியும். விரல் போனவர்களை எல்லையோர ஊர்களில் நான் பார்த்திருக்கிறேன். மருந்து எங்கே வாங்கினார் என்று கேட்டால் பதில் வராது.

அவுட்டுக்காய் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பழத்துக்குள்ளோ மாவு உருண்டைக்குள்ளோ வெடி வைத்துப் பன்றிக்குப் போடுவது 1908-ஆம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டத்தின் கீழும் வன உயிரினச் சட்டத்தின் கீழும் கடுங்குற்றம். 2020 மே மாதம் மண்ணார்க்காடு பக்கம் சூல்கொண்ட யானை ஒன்று வாய் சிதைந்து, வெள்ளியாற்றில் நின்றபடியே உயிர்விட்டது இப்படிப்பட்ட வெடியால்தான். மாடு மேய்க்கப் போன பிள்ளைகளும் இதை மிதித்திருக்கிறார்கள். வீட்டில் மருந்து வைத்திருக்கும் உரிமதாரர் யாருக்கும் ஒரு கரண்டிகூடக் கொடுக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

பூட்டும் இறுக்கமும்

இனி பீரோவுக்கு வருவோம். கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்தது. எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜனை வெடியுப்பே தருகிறது. வெளிக்காற்று அதற்குத் தேவையில்லை. இதிலிருந்து இரண்டு விளைவுகள். எரியத் தொடங்கிய மருந்தை மணல் போட்டோ ஈரச் சாக்குப் போட்டோ மூடி அணைக்க முடியாது. அது மூச்சுத் திணறி அணையும் நெருப்பு அல்ல. அடுத்தது, இறுக மூடிய பாத்திரத்துக்குள்ளும் அது எரியும். எரிய எரிய வாயு பெருகும். வெளியேற வழி இல்லாததால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் கூடும். கடைசியில் பாத்திரம் உடையும். தீபாவளி கொண்டாடிய எவருக்கும் இது தெரியும். புஸ்வாணத்தின் மருந்து வாய் திறந்திருப்பதால் பூவாகக் கொட்டுகிறது. சணலை வரிந்து வரிந்து சுற்றி இறுக்கிய வெடியில் மருந்து அதைவிடக் குறைவாகவே இருந்தாலும் காது அடைக்கிறது. இறுக்கம்தான் வித்தியாசம்.

ஆகவே, தீ விபத்து நடந்த வீட்டில் அட்டை டப்பாவிலோ மெல்லிய தகர டப்பாவிலோ இருந்த மருந்து பெரிய சுவாலையோடு எரிந்து முடியும். அதே மருந்து கனத்த இரும்புப் பெட்டியில், பீரோவில், ராணுவக் கடையில் வாங்கிய இரும்புத் தோட்டாப் பெட்டியில் இருந்தால் அந்த இரும்பே சில்லாகச் சிதறும். மருந்து தயாரிப்பவர்கள் டப்பாவை மெல்லியதாக, அழுத்தம் வந்தால் மூடியோ ஒட்டுவாயோ எளிதில் பிரியும்படி செய்வதற்கு இதுதான் காரணம். அந்த டப்பாவிலிருந்து எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலுக்கோ, மூடி முறுக்கும் எவர்சில்வர் டப்பாவுக்கோ மாற்றினால் அந்தப் பாதுகாப்பைக் கையாலே கழற்றி எறிந்ததாகும். மேலே ஒட்டிய பெயர்ச்சீட்டும் போய்விடும். பத்து வருடம் கழித்துத் திறக்கிறவருக்கு உள்ளே இருப்பது என்ன மருந்து என்றே தெரியாது.

ஒரு அங்குல மரப்பெட்டி இரண்டு வேலை செய்கிறது. மரம் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். இரும்பு உடனே கடத்திவிடும். வெளியே தீ எரியும்போது உள்ளே மருந்து சூடேறும் நேரம் தள்ளிப்போகிறது. வீட்டில் இருப்பவர்கள் வெளியே ஓடவும், தீயணைப்பு வண்டி வரவும் அந்த நேரம் உதவும். கடைசியில் மருந்து பற்றினாலும், மூடி மேலே எழும்பி வாயுவுக்கு வழிவிடும். பெட்டி குண்டாக மாறாது. இந்தப் பெட்டிக்குப் பூட்டுப் போடலாம், போடத்தான் வேண்டும். சின்னக் கொண்டி, சின்னப் பூட்டு போதும். குழந்தையை அது தடுக்கும். இரும்புப் பட்டை அடித்து, சுற்றிலும் திருகாணி இறுக்கி, காற்றுப் புகாமல் செய்தால் மரப்பெட்டியும் பீரோ ஆகிவிடும். திருட்டுப் பயம் இருந்தால், பூட்டும் அறை ஒன்றுக்குள் இந்தப் பெட்டியை வையுங்கள். பலமான பூட்டு அறையின் கதவில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம். துப்பாக்கியை இரும்பு அலமாரியில் பூட்டுவது சரி. மருந்தை அதே அலமாரியில் வைப்பதுதான் தவறு.

பக்கத்தில் நடந்த பெரிய விபத்துகளைப் பாருங்கள். 2016 ஏப்ரல் 10 விடியற்காலையில் கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் கோயிலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வாணவேடிக்கையின் பொறி கம்பப்புரையில், அதாவது வெடி குவித்து வைத்திருந்த கட்டடத்தில், விழுந்தது. கட்டடத்தின் கான்கிரீட் துண்டுகள் பறந்து போய்த் தூரத்தில் நின்றவர்களையும் தாக்கின. 2024 அக்டோபரில் காசர்கோடு நீலேஸ்வரத்தில் தெய்யத் திருவிழாவின்போது நடந்ததும் அதே கதை: வெடி வைத்திருந்த அறைக்கும் வெடி விட்ட இடத்துக்கும் இடைவெளி இல்லை, ஜனங்கள் அந்த அறைச் சுவரோரம் நின்றிருந்தார்கள். 150 பேருக்கு மேல் காயம், பிறகு ஆறு பேர் இறந்தார்கள். கோயில் கம்பப்புரையும் வீட்டு டப்பாவும் அளவில் வேறு. நெருப்புக்கும் மருந்துக்கும் நடுவில் தூரம் இல்லாதது, மருந்துக்கு வெளிவழி இல்லாதது, ஆட்கள் பக்கத்திலேயே இருந்தது ஆகிய மூன்றும் வீட்டிலும் அப்படியே நடக்கக்கூடியவை.

பரண், பூஜையறை, மீனமாத வெயில்

பழைய வீடுகளில் ஈரம் பிடிக்காமல் இருக்கட்டும் என்று விதை நெல், புளி, மிளகாய் எல்லாவற்றையும் அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார்கள். நாட்டுத் துப்பாக்கி மருந்தும் சில வீடுகளில் அங்கேயே இருந்தது. காரணம் புரிகிறது: கருமருந்து ஈரம் இழுக்கும், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் எல்லாமே நமத்துப்போகும். ஆனால் அடுப்புப் பொறியும் மருந்தும் ஒரே கூரைக்குக் கீழே ஒரு முழத் தூரத்தில் இருப்பது தாங்காது. இன்று அடுப்பு மாறி சிலிண்டர் வந்துவிட்டது, பரண் மாறவில்லை. அடுக்களை, விளக்கு எரியும் பூஜையறை, இன்வெர்ட்டர் பேட்டரி வைத்த மூலை, பெட்ரோல் கேன், பூச்சிமருந்து, உரம் வைத்திருக்கும் கொட்டகை, இவை எதுவும் மருந்துக்கு இடமில்லை. ஓட்டுக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் அடியில் இருக்கும் மச்சும் வேண்டாம். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டில் நிழலிலேயே வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. கூரைக்கு அடியில் அதைவிட அதிகம். தரைத்தளத்தில், வடக்குப் பார்த்த, வெயில் படாத, வெளிச்சுவர் உள்ள அறை ஒன்றில் தரையிலிருந்து சற்று உயர்த்தி வைத்தால் ஈரமும் ஏறாது, சூடும் ஏறாது. படுக்கையறைக்கும் வாசற்படிக்கும் நடுவில் அந்த இடம் வரக் கூடாது. தீப்பிடித்தால் ஓடும் வழியில் மருந்து இருக்கக் கூடாது.

நமத்துப்போன மருந்தை வெயிலில் காயவைப்பதும், வாணலியில் லேசாகச் சூடு காட்டுவதும், கட்டியை அம்மியில் தட்டிப் பொடி செய்வதும் ஊரில் சகஜமாகப் பேசப்படுகிற காரியங்கள். மூன்றும் ஆளைக் கொல்லும். ஈரம் பட்டுக் காய்ந்த மருந்தில் வெடியுப்பு பிரிந்து வெள்ளையாகப் பூத்திருக்கும். பிறகு அது பழையபடி எரியாது, எப்படி எரியும் என்று கணிக்கவும் முடியாது. மணி மணியாக இருக்கும் மருந்தைவிட அதன் தூசி எளிதில் பற்றும். தட்டினால் கிடைப்பது தூசிதான். அப்படிப்பட்ட மருந்துக்கு மறுவாழ்வு கிடையாது. அதை ஒப்படைக்கும் வழியைக் கீழே சொல்கிறேன்.

கேப்பைப் பற்றி ஒரே வார்த்தை: மருந்தோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். தட்டினால் வெடிக்க வேண்டும் என்றே செய்த பொருள் அது. வந்த பெட்டியில் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு அடுக்கியிருந்தால், அது ஒன்று வெடித்தால் அடுத்தது வெடிக்காமல் இருக்கத்தான். அதைக் கொட்டி மாத்திரை டப்பாவில் போட்டுக் குலுக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

புகையில்லா மருந்து வேறு வகை. கருமருந்தைப் போலப் பொறி பட்டதும் பற்றும் அவசரம் அதற்கு இல்லை; திறந்த இடத்தில் எரிய விட்டால் மஞ்சள் சுவாலையோடு எரிந்து போகும். இதைப் பார்த்து அது சாது என்று நினைத்துவிடக் கூடாது. இது நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. நைட்ரோசெல்லுலோஸ் செய்த நாளிலிருந்தே மெல்ல மெல்லச் சிதைந்துகொண்டிருக்கும். சிதையும்போது அமில வாயு வரும். அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். இதைத் தடுக்க டைஃபீனைலமைன் போன்ற நிலைநிறுத்தி ஒன்றைக் கலக்கிறார்கள். அது அமிலத்தை உறிஞ்சி உறிஞ்சித் தீர்ந்துபோகும். சூடு கூடினால் சீக்கிரம் தீரும். தீர்ந்தபின் மருந்துக் குவியலுக்குள்ளேயே சூடு சேர்ந்து, யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும்.

பிரான்ஸ் நாட்டுக் கடற்படை இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1884-இல் பால் வியேய் என்ற பிரெஞ்சுக்காரர்தான் முதல் புகையில்லா மருந்தை உருவாக்கினார். முப்பது ஆண்டு கழிவதற்குள், தூலோன் துறைமுகத்தில் நின்ற இயேனா என்ற போர்க்கப்பல் 1907-இலும், லிபெர்தே என்ற போர்க்கப்பல் 1911-இலும் வெடித்துச் சிதறின. எதிரி யாரும் சுடவில்லை. கப்பலின் கிடங்கில் இருந்த மருந்தே சிதைந்து பற்றியது. லிபெர்தேயில் மட்டும் ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே, நீலகிரி அருவங்காட்டில், கார்டைட் என்னும் புகையில்லா மருந்து செய்ய ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய தொழிற்சாலை இன்றும் இருக்கிறது. அந்தக் குளிர்ந்த மலையை விட்டுக் கீழே இறங்கினால் நம் ஊர் வெயில். இங்கே தகரக் கூரைக்கு அடியில் பத்துப் பதினைந்து வருடம் கிடந்த புகையில்லா மருந்தை எவரும் நம்பக் கூடாது.

சிதைந்த மருந்தை அடையாளம் காண முடியும். நல்ல மருந்து டப்பாவைத் திறந்தால் பெயின்ட் கடை வாசம் போல ஈதர், சாராய வாடை லேசாக வரும். கெட்டதைத் திறந்தால் மூக்கை அரிக்கும் புளித்த அமில நெடி. மூடியின் உள்பக்கம் துரு வளையமாகப் பிடித்திருக்கும். மருந்தின் மேல் செங்கல் பொடி தூவியதுபோலச் செம்பழுப்புத் தூசி இருக்கும். சில நேரம் அதே நிறத்தில் புகையும் எழும். டப்பா கைக்கு வெதுவெதுப்பாகப் பட்டால் அதை அங்கேயே விட்டு வெளியே வந்துவிட வேண்டும். முகர்ந்து பார்ப்பதற்கென்று சந்தேகமான டப்பாவைப் போய்த் திறக்காதீர்கள். தற்செயலாகத் திறந்தவர் தெரிந்துகொள்ளத்தான் இதைச் சொல்கிறேன். நாட்டுத் துப்பாக்கிக்குப் புகையில்லா மருந்து ஒருநாளும் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் குழல் கருமருந்தின் அழுத்தத்துக்குச் செய்தது. புகையில்லா மருந்தின் அழுத்தத்தில் அது பிளந்துவிடும்.

எவ்வளவு வைத்துக்கொள்வது? உரிமத்தில் எழுதிய அளவு மேல் எல்லை. அதைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. ஒரு சீசனுக்குத் தேவையானதை வாங்கி, அந்தச் சீசனிலேயே தீர்ப்பதுதான் நல்ல வழக்கம். தேர்தல் வரும்போது துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். துப்பாக்கி போய்விடும், டப்பா வீட்டில் தங்கிவிடும். மாதக் கணக்கில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒப்படைக்கும்போதே மருந்தையும் காட்டி, அதற்கும் ரசீது கேட்டு வாங்குவது நல்லது. தீயணைப்பு வண்டி வரும் நாள் வந்தால், முதலில் இறங்குகிறவரிடம் "உள்ளே துப்பாக்கி மருந்து இருக்கு, இந்த மூலையில் இருக்கு" என்று சொல்லிவிட வேண்டும். பயத்தில் இதை மறைப்பவர்கள் உண்டு. உரிமத்தோடு வைத்திருப்பவருக்கு மறைக்க ஒன்றுமில்லை. தெரியாமல் உள்ளே போகிற தீயணைப்பு வீரருக்கு உயிர் போகும்.

பெரியவர் இறந்த வீடுகளில்தான் இப்போது பிரச்சினை அதிகம். அப்பாவின் பேரில் உரிமம், மகன் கோயம்புத்தூரில் வேலை, அம்மா தனியாக வீட்டில். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மச்சைச் சுத்தம் செய்யும்போது துணியில் சுற்றிய டப்பா ஒன்று வருகிறது. உரிமம் வாரிசுக்குத் தானாக வந்து சேராது. ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி, வைத்திருக்கும் உரிமை முடிந்த துப்பாக்கியையும் தோட்டாவையும் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். வேண்டுமென்றால் பிறகு வாரிசு தன் பேரில் மனுப் போடலாம், வேண்டாமென்றால் விற்கலாம்.

ஆனால் பழைய மருந்து டப்பாவை எடுத்து ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். திறக்காதீர்கள், குலுக்காதீர்கள், அடுப்பில் கொஞ்சம் போட்டுப் பார்க்காதீர்கள், கிணற்றிலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அந்த அறையில் மின் சுவிட்சைத் தொடாமல் கதவைச் சாத்தி, பிள்ளைகளையும் மாட்டையும் அப்புறப்படுத்திவிட்டு, உரிமப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள், 112-க்கும் அழைக்கலாம். அவர்கள் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவை அழைத்து வருவார்கள். வந்ததும் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். டப்பா எங்கே கிடைத்தது, யார் பேரில் உரிமம், கடைசியாக எப்போது வாங்கியதாகப் புத்தகத்தில் இருக்கிறது என்ற மூன்றையும் எழுதி, ஒப்படைத்ததற்கான ரசீதை உரிமப் புத்தகத்தின் நகலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் துப்பாக்கியை மாற்றவோ விற்கவோ ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும்போது அந்த ரசீதைத்தான் முதலில் கேட்பார்கள்.